பாஸ்வேர்ட் கேட்பது பாசமா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும் போது ஆறுதலாக வாசியுங்கள். உம்மாமார், வாப்பாமார், நானாமார் கட்டாயம் வாசியுங்கள். ஓ.எல், ஏ.எல் படிக்கிற பிள்ளைகள் யாராவது பார்த்தால் நீங்களும் கடைசி வரை வாசியுங்கள். உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை.

நான் அம்பாறை மாவட்டத்தில் பதினெட்டு வருடமாகப் படிப்பிக்கிறேன். பெரும்பாலும் தரம் 10 முதல் உயர்தரம் வரையான வகுப்புகள். இந்தப் பதிவில் வரும் பிள்ளைகள் யாரென்று தயவுசெய்து தேடாதீர்கள். ஊர், வயது, வகுப்பு எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். இப்படிப் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலும் இருக்கலாம், உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடினார்கள். அதற்கு முதல் நிறைய வீடுகளில் ஒரு ஸ்மார்ட் போன்தான். அது வாப்பாவின் கையில் இருந்தது. பாடம் சூமுக்கும் வட்ஸ்அப்புக்கும் போனதும் கடன்பட்டாவது பிள்ளைக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தார்கள். 2022இல் பெற்றோல் இல்லாத நேரம் மறுபடியும் ஒன்லைன். போன் பிள்ளையின் கையில் நிரந்தரமாகிவிட்டது. அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை, படிப்புக்குத் தேவைப்பட்டது. ஆனால் போனைக் கொடுக்கும் போது அநேகமான வீடுகளில் சொல்லப்பட்டது ஒரே வசனம்தான்: "கண்டதையும் பார்க்காத." பிள்ளை என்ன பார்க்கிறது என்பதில்தான் எல்லோருக்கும் கவலை. அந்தப் போன் வழியாகப் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது யாருடைய மனதிலும் வரவில்லை.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். நன்றாகப் படிக்கிற பிள்ளை. திடீரென்று வகுப்பு வட்ஸ்அப் குரூப்பில் இருந்து வெளியேறிவிட்டது. நோட்ஸ் இல்லை, ஒப்படைகள் பிந்தி வருகின்றன. கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏன் புள்ள குரூப்ல இருந்து லீவ் பண்ணின?"

"போன் பழுது டீச்சர்."

நாலு நாள் கழித்து அவளாகவே வந்தாள்.

"அவருக்கு விருப்பமில்ல டீச்சர். ஆம்புளப் புள்ளைகளும் இருக்கிற குரூப்தானே."

"ஆரு அவரு?"

பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "என்மேல சரியான பாசம் டீச்சர். அதுதான் இப்படி."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பேஸ்புக் பாஸ்வேர்ட் அவனிடம். ஒவ்வொரு இரவும் வட்ஸ்அப் செட் லிஸ்டை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து அனுப்ப வேண்டும். பதினொரு மணிக்குப் பிறகு ஒன்லைன் என்று காட்டினால் அடுத்த நாள் முழுக்க விசாரணை. மெசேஜில் நீல டிக் விழுந்து இரண்டு நிமிடத்தில் பதில் போகாவிட்டால் இருபது கோல். மாமாவின் மகன் பெருநாள் வாழ்த்து அனுப்பியதற்கு மூன்று நாள் சண்டை. டிபியில் முகம் இருக்கக் கூடாது. கூட்டாளிமாரில் இருவரை ப்ளொக் பண்ணச் சொல்லியிருக்கிறான், அவளும் பண்ணியிருக்கிறாள்.

அவள் முறைப்பாடு சொல்ல வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பாதி பெருமை, பாதி களைப்பு. "இவ்வளவு தூரம் என்னைக் கவனிக்கிற ஆள் வேற யாரு இருக்கு?" என்று கேட்டாள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய விஷயம். அவளை ஒருவன் அடிக்கவில்லை, ஏசவில்லை, கண்டபடி பேசவுமில்லை. ஆனால் ஒரு வருடத்தில் அவளுக்குக் கூட்டாளிமார் இல்லை, குரூப் இல்லை, நித்திரை இல்லை, பாடத்தில் மனமும் இல்லை.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: கட்டுப்படுத்தல். கை ஓங்காமலே ஒருவரின் வாழ்க்கையைக் கைக்குள் வைத்திருப்பது. இங்கிலாந்தில் கணவன் மனைவிக்கும் ஒன்றாக வாழ்பவர்களுக்கும் இடையில் நடக்கும் இப்படியான நடத்தையை 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனிக் குற்றமாகவே சேர்த்தார்கள். அடி விழுந்தால்தான் கொடுமை என்று நினைக்கிற காலம் போய்விட்டது.

போன் இதை மிகவும் லேசாக்கி விட்டது. முன்பு ஒருவன் ஒரு பிள்ளையைக் கண்காணிக்க வேண்டுமென்றால் டியூஷன் கிளாஸ் வாசலில் வெயிலில் நிற்க வேண்டும். இப்போது வீட்டில் படுத்துக்கொண்டே முடியும். வட்ஸ்அப்பில் "லிங்க்ட் டிவைசஸ்" என்று ஒரு வசதி இருக்கிறது. பிள்ளையின் போனை ஒரு நிமிடம் கையில் எடுத்து ஒரு கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணினால் போதும், அவளுக்கு வரும் மெசேஜ் எல்லாம் வேறொரு சாதனத்திலும் வரும். லைவ் லொகேஷனை எட்டு மணித்தியாலம் வரைக்கும் போட்டு வைக்கலாம். கூகுள் மெப்பில் நிறுத்தும் வரைக்கும் போட்டு வைக்கலாம். ஜீமெயில் பாஸ்வேர்ட் ஒருவனிடம் போனால் போட்டோ, கொன்டெக்ட் என்று நிறைய விஷயங்கள் அவனிடம் போகும். இந்த வசதிகள் நல்ல காரியத்துக்குத்தான் செய்யப்பட்டவை. நானும் மகன் பஸ்ஸில் வரும் போது லொகேஷன் கேட்கிறேன். அப்படியென்றால் வித்தியாசம் எங்கே?

அந்தப் பிள்ளையிடம் நான் கேட்டது ஒரே கேள்வி.

"நீ ஏலாது எண்டு சொன்னா என்ன நடக்கும்?"

யோசித்தாள். "ஏலாது எண்டு சொல்ல ஏலாது டீச்சர்" என்றாள். சொல்லி முடித்ததும் அவளுக்கே விளங்கிவிட்டது.

வித்தியாசம் அவ்வளவுதான். விரும்பிக் கொடுத்ததைப் பயமில்லாமல் திருப்பி எடுக்க முடிந்தால் அது அன்பு. எடுக்க நினைத்தாலே வயிறு கலங்கினால் அதற்குப் பாசம் என்று பெயர் வைக்காதீர்கள். பிள்ளைகளே, வேறு எதை மறந்தாலும் இந்தக் கேள்வியை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

இப்போது சிலர் கீழே கொமென்ட் போடத் தயாராக இருப்பீர்கள்: "முதல்ல லவ் பண்ணினதே ஹராம், பிறகென்ன கதை?" நிக்காஹ்வுக்கு வெளியே உள்ள உறவை நானும் சரி என்று சொல்லவில்லை. வகுப்பிலும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் கதவு திறந்திருந்த வீட்டில் திருடினாலும் திருடன் திருடன்தான். ஒருவரை ஒருவர் துருவித் துருவி உளவு பார்ப்பதை சூரா ஹுஜுராத்தின் 12ஆவது வசனம் தடுக்கிறது. காதலனுக்கு, மாப்பிள்ளைக்கு என்று அதில் விதிவிலக்கு நான் காணவில்லை.

மாப்பிள்ளை என்றதும் இன்னொரு விஷயம். இது உம்மா வாப்பாவின் சம்மதத்தோடு, சில நேரம் உதவியோடும் நடப்பது.

கல்யாணம் பேசி முடிந்திருக்கும். மாப்பிள்ளை கத்தாரிலோ சவூதியிலோ இருப்பார். நிக்காஹ் நடக்க இன்னும் ஒரு வருடம் இருக்கும். அன்றிலிருந்து பிள்ளையின் போன் அவருடையது. பஸ் ஸ்டாண்டில் நிற்கும் போது வீடியோ கோல், பக்கத்தில் யார் நிற்பதென்று கெமராவைத் திருப்பிக் காட்ட வேண்டும். கெம்பஸ் கிடைத்த பிள்ளை ஒன்று விரிவுரை மண்டபத்துக்குள் இருந்து லொகேஷன் அனுப்புவதை என்னிடம் சொல்லியிருக்கிறது. உம்மாவிடம் சொன்னால், "கட்டப்போறவன்தானே மகள், கேட்டா காட்டு. சண்டை புடிச்சுக் கல்யாணத்தக் குழப்பிக்காத" என்கிறார். சீதனப் பேச்சு முடிந்துவிட்டது, ஊருக்குச் சொல்லியாயிற்று, இனி எப்படிக் குழப்புவது?

நிக்காஹ்வுக்கு முதலே இப்படிப் பயந்து வாழும் பிள்ளை, பிறகு எப்படி வாழும் என்று ஒரு தரம் யோசியுங்கள். தூரத்தில் இருப்பவருக்குத் தனிமையும் பயமும் இருக்கும், அது எனக்கும் விளங்குகிறது. என் குடும்பத்திலும் வெளிநாட்டில் உழைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து பிள்ளையின் கழுத்தில் கயிறு கட்டுவதில்லை. இதை மாப்பிள்ளையிடம் பிள்ளை சொல்ல முடியாது. வாப்பாதான் சொல்ல வேண்டும். சொன்னதற்காகக் கல்யாணம் குழம்பினால், அல்ஹம்துலில்லாஹ், நேரத்தோடு குழம்பியது என்று நினையுங்கள்.

அடுத்தது படம். எழுதக் கஷ்டமான பகுதி, ஆனாலும் எழுத வேண்டும்.

அது நடக்கும் விதம் எப்போதும் ஒன்றுதான். முதலில் சாதாரணப் படம் கேட்பான். பிறகு ஸ்காஃப் இல்லாத படம். மறுத்தால், "என்னை நம்பல்லையா?" அந்த ஒரு கேள்வியில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள். ஒரு தரம் பார்த்தால் அழிந்துவிடும் என்ற "வியூ வன்ஸ்" வசதியை நம்பி அனுப்புகிறார்கள். அதில் ஸ்க்ரீன்ஷொட் எடுக்க முடியாது என்பது உண்மைதான். பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் படம் எடுக்க முடியும் என்பதும் உண்மை. பிறகு பிள்ளை விலக நினைக்கும் நாளில் அந்தப் படம் வெளியே வரும்: "விட்டுட்டுப் போனா உன்ட வாப்பாக்கு அனுப்புவன். பள்ளிவாசல் குரூப்ல போடுவன்."

எங்கள் ஊர்களில் ஸ்காஃப் இல்லாத ஒரு முகப்படமே போதும், அதை வைத்தே மிரட்டலாம். இப்போது படம் அனுப்பவே தேவையில்லை. விளையாட்டுப் போட்டியில் எடுத்த முகத்தை வெட்டி வேறொரு உடம்பில் ஒட்டும் அப்ளிகேஷன்கள் பொடியன்மாரின் கையில் இருக்கின்றன.

ஆண் பிள்ளைகளும் மாட்டுகிறார்கள். பெண்ணின் பெயரில் எக்கவுண்ட், ஒரு வாரம் இனிமையான பேச்சு, ஒரு வீடியோ கோல், அதை ரெக்கோர்ட் பண்ணிக் காசு கேட்பது. வாப்பாவின் கடையில் இருந்து காசு எடுத்து அனுப்பிய ஒரு பொடியனை எனக்குத் தெரியும். மூன்று தரம் அனுப்பியிருக்கிறான். ஒவ்வொரு தரமும் "இதுதான் கடைசி" என்றார்களாம். ஆண் பிள்ளை என்பதால் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இந்த மிரட்டல் ஏன் வேலை செய்கிறது? அவன் கையில் இருப்பது வெறும் படம். அதற்குப் பலம் கொடுப்பது எங்கட வாய். படம் வந்தால் நாலு குரூப்புக்குப் போகும், பெட்டிக்கடையில் பேசுவார்கள், தங்கச்சியின் கல்யாணம் நிற்கும் என்று பிள்ளைக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நாங்கள் அப்படிச் செய்ய மாட்டோம் என்று ஊருக்கே தெரிந்திருந்தால் அவன் எதை வைத்து மிரட்டுவான்?

வீட்டில் தெரிய வந்ததும் வழமையாக மூன்று விஷயம் நடக்கும். போனை உடைப்பார்கள். உடைந்தது பிள்ளையின் போன், அதில் இருந்த ஆதாரமும் சேர்ந்து போனது. படம் அவன் போனில் பத்திரமாக இருக்கிறது. இரண்டாவது, படிப்பை நிறுத்துவார்கள். இனி அந்தப் பிள்ளை டீச்சரையும் பார்க்காது, கூட்டாளியையும் பார்க்காது, உதவிக்கு ஆளே இல்லை. மூன்றாவது, அவசரமாகக் கல்யாணம். சில நேரம் மிரட்டியவனுக்கே! "எப்படியும் அவன்தானே" என்று முடித்து வைக்கிறார்கள். ஊர் வாயை மூட, பிள்ளையைக் கொண்டுபோய் அவனிடமே கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

ஒரு உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தையல் தைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறவர். மகள் இரவு அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, விடியட்டும்" என்றாராம். அந்த இரவு மகளின் பக்கத்திலேயே படுத்திருக்கிறார். விடிந்ததும் மகளையும் போனையும் எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனார்கள். முதலில் இருந்த ஒருவர், "நீ ஏன் படம் அனுப்பின?" என்று பிள்ளையைக் கேட்டிருக்கிறார். உம்மா சொன்னாராம்: "அத நான் வீட்டில கேட்டுக்கொள்றன் சேர். அவன் ஏன் மிரட்டினான் எண்டு நீங்க கேளுங்க." பிறகு சிறுவர் பெண்கள் பிரிவில் முறைப்பாட்டை எடுத்தார்கள். பொடியனையும் அவனுடைய வாப்பாவையும் கூப்பிட்டு, போனை வாங்கி விசாரித்தார்கள். படம் எங்கும் போகவில்லை. பிள்ளை அந்த வருடமே பரீட்சை எழுதினாள். அந்த உம்மா ஏ.எல் படித்தவர் இல்லை. ஆனால் யார் குற்றவாளி என்பதில் அவருக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை.

சட்டம் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை சில. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் ஆபாசப் படத்தை எடுப்பதும் வைத்திருப்பதும் பரப்புவதும் தண்டனைச் சட்டக்கோவையின் 286ஏ பிரிவின் கீழ் குற்றம். படத்தைக் காட்டிக் காசு கேட்பது கப்பம், அதுவும் குற்றம். அனுமதியில்லாமல் ஒருவரின் கணக்குக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தில் வரும். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பற்றி நிறைய விமர்சனங்கள் உண்டு. ஆனாலும் ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவரது அந்தரங்கத் தகவலை வெளியிடுவதை அதிலும் குற்றமாகச் சொல்லியிருக்கிறார்கள். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமோ கணவன், முன்னாள் கணவன், ஒன்றாக வாழ்பவர், குடும்பத்தவர் ஆகியோருக்கு எதிராகத்தான் பாதுகாப்புக் கொடுக்கிறது. வெறும் காதல் தொடர்பு அதில் வராது. ஆகவே பிள்ளைகளுக்கு மேலே சொன்னவைதான் வழி.

குரூப்புகளில் ஃபோர்வர்ட் பண்ணுகிறவர்களுக்கு: "நான் எடுக்கல்ல, வந்ததத்தான் அனுப்பின" என்பது பதிலாகாது. கற்புள்ள பெண்கள் மீது நாலு சாட்சியில்லாமல் பழி சொல்வோரைப் பற்றியும், மானக்கேடான விஷயம் முஃமின்களுக்கிடையில் பரவுவதை விரும்புவோரைப் பற்றியும் சூரா நூர் என்ன எச்சரிக்கிறது என்று உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். வந்தால் அழியுங்கள். அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள்.

மிரட்டல் வந்தால் செய்ய வேண்டியவை. பிள்ளைகள் இதை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. காசு கொடுக்க வேண்டாம், இன்னொரு படமும் அனுப்ப வேண்டாம். கொடுத்தால் நிற்காது, கூடும்.

2. எதையும் அழிக்க வேண்டாம். மிரட்டிய மெசேஜ், நம்பர், எக்கவுண்ட் பெயர், திகதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷொட் எடுங்கள். பிறகுதான் ரிப்போர்ட், ப்ளொக்.

3. நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். உம்மா, மாமி, டீச்சர், யாராக இருந்தாலும் சரி. விலகப் போகிறீர்கள் என்றால் விலகுவதற்கு முதலே சொல்லி வையுங்கள், மிரட்டல் அப்போதுதான் கூடும்.

4. வட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ் பாருங்கள், தெரியாதது இருந்தால் லொக் அவுட் பண்ணுங்கள். ஜீமெயில் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள், பிறகு மற்றவை. ரெகவரி நம்பர் யாருடையது என்றும் பாருங்கள். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்கள்.

5. படம் வெளியே போகும் என்ற பயம் இருந்தால், 18க்குக் குறைந்தவர்களின் படங்களுக்கு "டேக் இட் டவுன்", பெரியவர்களுக்கு "ஸ்டொப் என்சிஐஐ" என்ற இணையத்தளங்கள் இலவசமாக இருக்கின்றன. படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை எடுத்து, அதை மட்டும் பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவற்றுக்குக் கொடுப்பார்கள். வட்ஸ்அப் தனிச் செட்டுக்குள் போவதை இதனால் தடுக்க முடியாது.

6. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1929. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இணையப் பிரச்சினைகளுக்கு இலங்கை சேர்ட் 101. மனம் உடைந்து, உயிரோடு இருக்கவே விருப்பமில்லை என்று தோன்றினால் 1926, இரவென்றாலும் எடுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள்.

7. பெற்றோரே, ஆதாரம் என்று சொல்லிப் பிள்ளையின் படத்தை நீங்கள் யாருக்கும் அனுப்ப வேண்டாம். போனைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கடைசியாக, ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மிரட்டுகிற பொடியன்மாரும் எங்கள் வகுப்பில் இருந்த பிள்ளைகள்தான், வானத்திலிருந்து விழவில்லை. வீட்டில் வாப்பா உம்மாவின் போனைப் பறித்துப் பார்ப்பதைப் பார்த்து வளர்கிறார்கள். "என்ட ஆளு" என்று பேசும் போது கூட்டாளிமார் சிரிக்கிறார்கள். ஒரு முறை வகுப்பில் ஒருவன் கேட்டான், "போன் பாக்காட்டி எப்படி டீச்சர் நம்புறது?" என்று. "பாத்த பிறகு வாறதுக்குப் பேரு நம்பிக்கையா தம்பி?" என்று கேட்டேன். வகுப்பே அமைதியாகிவிட்டது. கெட்ட பொடியன் இல்லை அவன். அதுவரை யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை, அவ்வளவுதான். குத்பாவில் பெண் பிள்ளைகளின் போனைப் பற்றிப் பேசுவது போல இதையும் ஒரு வெள்ளிக்கிழமை பேசலாம் என்று பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று இரவு உங்கள் பிள்ளையிடம், மகனோ மகளோ, ஒரு வசனம் சொல்லுங்கள்: "என்ன நடந்தாலும் முதல்ல எனக்கிட்ட வா. அடிக்க மாட்டன். படிப்ப நிப்பாட்ட மாட்டன்." சொல்வது லேசு. அந்த நாள் வரும் போது சொன்னதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். இப்போதே மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் எங்கள் பிள்ளைகளின் மானத்தையும் உயிரையும் பாதுகாப்பானாக. பயனுள்ளது என்று நினைத்தால் உங்கள் குடும்பக் குரூப்பில் பகிருங்கள்.

வஸ்ஸலாம்.